நகலின் கதை – 14: மாடக்குளத்துத் தண்ணீரும் மூன்று நிமிடப் படமும்

சென்ற இதழில் திருட்டு வி.சி.டி. காலத்தோடு நிறுத்தியிருந்தோம். பர்மா பஜார் கடைகளில் குறுந்தகட்டு உறைகள் குறைந்து, படங்கள் இணையத்தின் வழியே வீட்டு டி.வி.க்கும் கைப்பேசிக்கும் வரத் தொடங்கிய கட்டம் அடுத்தது. இதைப் பற்றிப் பேசும் எவரும் ஒரு கேள்வியைச் சந்தித்தே ஆக வேண்டும். உட்கார்ந்து பார்ப்பதற்கென்று இரண்டரை மணி நேரப் படத்தை ஒரு தளம் அனுப்புகிறது. அதே படத்தை அதே தளத்திலிருந்து ஒருவர் மூன்றே நிமிடத்தில் மொத்தமாக இறக்கிக்கொள்கிறார். இத்தனை பணமும் இத்தனை பொறியாளர்களும் உள்ள நிறுவனங்களால் இதை ஏன் தடுக்க முடியவில்லை? வழக்கமாக இரண்டு பதில்கள் சொல்லப்படுகின்றன. தளங்களுக்கு அக்கறை இல்லை என்பது ஒன்று; திருடுகிறவன் கெட்டிக்காரன் என்பது மற்றொன்று. இரண்டும் காரணத்தைத் தவறான இடத்தில் தேடுகின்றன என்பது என் கருத்து. நூறு ஆண்டுகளுக்கு மேலாக நூலையும் பாட்டையும் படத்தையும் காத்து வந்தது நகலெடுக்கும் கருவியின் எடையும் மந்தமும்தான். அந்த மந்தத்தை நாம் பூட்டு என்று நம்பிவிட்டோம். அதை ஒழித்தால்தான் ஸ்ட்ரீமிங் என்ற தொழிலே நடக்கும் என்னும்போது, வேகத்துக்குத் தடை போடும் வேலை அந்தத் தொழிலின் அடித்தளத்தையே தோண்டுகிற வேலையாகிவிடுகிறது.

இதற்குச் சான்று தேட மதுரைப் பசுமலையிலிருந்தே புறப்படலாம். அமெரிக்கன் மதுரை மிஷன் தன் செமினரியைத் திருமங்கலத்திலிருந்து 1845இல் பசுமலைக்கு மாற்றியது. பின்னாளில் லெனாக்ஸ் அச்சகம் இங்கே நடந்தது. ‘சத்திய வர்த்தமானி’ இதழ் பசுமலையிலிருந்து வெளிவந்தது. அப்படியொரு இதழை வாங்கியவர் அதைத் திண்ணையில் உட்கார்ந்து பத்துப் பேருக்கு வாசித்துக் காட்டலாம். பிடித்த பகுதியைக் கையால் எழுதி வைத்துக்கொள்ளலாம். ஆயிரம் பிரதி வேண்டுமென்றால் மட்டும் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்து, பாரம் கட்டி, மை தடவி, இரும்பு எந்திரத்தை ஓட்ட வேண்டும். அந்த எந்திரம் வாசகர் வீட்டில் இல்லை. நூலைத் திருடி அச்சடித்தவர்கள் அன்றும் இருந்தார்கள். ஆனால் அவர்களும் அச்சகக்காரர்களே. அவர்களுக்கு முகவரி உண்டு; எந்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடவும் முடியாது. காப்புரிமைச் சட்டம் அன்று ஓரளவு வேலை செய்ததற்கு இந்த எடையே காரணம். சட்டம் கைவைக்க வேண்டிய இடங்கள் எண்ணிவிடும் அளவில் இருந்தன.

திரைப்படம் வந்தபோது எடை இன்னும் கூடியது. முப்பத்தைந்து எம்.எம். படச்சுருள் நொடிக்கு 24 சட்டகம், நிமிடத்துக்கு 90 அடி ஓடும். இரண்டரை மணி நேரப் படம் என்றால் 13,500 அடி; ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர் நீளம். அந்தச் சுருளிலிருந்து இன்னொரு சுருள் எடுக்கச் சென்னையின் லேப் ஒன்றுக்குத்தான் போக வேண்டும். மதுரை–ராமநாதபுரம் ஏரியாவுக்கு எத்தனை பெட்டி வந்தது, எந்தப் பெட்டி எந்தக் கொட்டகையில் இருக்கிறது என்பது விநியோகஸ்தருக்கு விரல்நுனியில் இருக்கும். ஒரே பிரிண்ட்டை இரண்டு தியேட்டர்கள் பகிர்ந்துகொண்டு, ஓடி முடிந்த ரீலைச் சைக்கிளில் ஏற்றி அடுத்த தியேட்டருக்கு விரட்டிய காலம் அது. 1952 தீபாவளிக்குப் ‘பராசக்தி’யோடு திறந்த மதுரை தங்கம் தியேட்டரில் ஒரே காட்சிக்கு 2,500 பேருக்கு மேல் உட்கார இடம் இருந்தது. அத்தனை பேரும் வசனத்தைக் காதிலும் காட்சியைக் கண்ணிலும் அள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். சுருளை அள்ளிக்கொண்டு போக ஒருவராலும் முடியவில்லை. பார்ப்பது வேறு, பிரதி எடுப்பது வேறு என்று நம் மனத்தில் ஊறிய பிரிவு இந்தக் கொட்டகைகளில் உருவானது. அந்தப் பிரிவு கருவியால் வந்தது. கருவி மாறினால் அதுவும் போய்விடும் என்று அன்று யாருக்கும் தோன்றியிருக்க முடியாது.

வீடியோ கேசட் வந்ததும் எடை போயிற்று, மந்தம் மட்டும் மிஞ்சியது. டெக்கையும் டி.வி.யையும் ஓர் இரவுக்கு வாடகைக்கு எடுத்து, மூன்று படங்களை விடிய விடியப் பார்த்த தலைமுறைக்கு இது நன்றாகத் தெரியும். இரண்டு டெக்குகளை ஒயரால் இணைத்தால் பிரதி தயார். ஆனால் இரண்டரை மணி நேரப் படத்துக்கு இரண்டரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். பத்துப் பிரதியை ஒரே நேரத்தில் எடுக்கப் பத்து டெக் வேண்டும். பிரதியிலிருந்து பிரதி, அதிலிருந்து இன்னொரு பிரதி என்று போகப் போக நிறம் வழிந்து, குரல் கரகரத்து, நாலாவது தலைமுறையில் கதாநாயகன் முகமே புகைமூட்டமாகிவிடும். 1985இல் அமெரிக்காவில் மேக்ரோவிஷன் என்ற தடுப்பு வந்தது. டி.வி.யில் பார்த்தால் படம் ஒழுங்காகத் தெரியும். இன்னொரு டெக்கில் பதிந்தால் வெளிச்சம் ஏறி இறங்கிப் படம் கெடும். டெக்கின் ஒரு குறிப்பிட்ட சுற்று நடந்துகொள்ளும் விதத்தை நம்பியே அந்தத் தடுப்பு வேலை செய்தது. அந்தச் சுற்றைச் சரிசெய்யும் சின்னப் பெட்டிகள் விரைவிலேயே கடைக்கு வந்துவிட்டன. பார்க்கக் கொடு, பதியக் கொடுக்காதே என்று ஒரே கம்பியில் போகும் ஒரே சைகையிடம் கேட்டுப் பார்த்த முதல் பெரிய முயற்சி இது. பின்னால் வந்த முயற்சிகள் எல்லாம் இதே வேண்டுகோளை வேறு வேறு மொழியில் வைத்தவையே.

மந்தத்தை உடைத்தது குறுந்தகடு. இந்த இடத்தில் கொஞ்சம் நின்று கணக்குப் பார்ப்பது நல்லது; ஓடிடி காலத்துப் புதிருக்கு விடை இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. சி.டி.யின் அடிப்படை வேகம் நொடிக்கு 150 கிலோபைட். வி.சி.டி.யில் 74 நிமிடப் படம் அந்த வேகத்தில் படிக்கப்பட்டால் 74 நிமிடம் ஓடும். தமிழ்ப் படம் ஒன்று இரண்டு மூன்று தட்டுகளில் வந்தது இதனால்தான். ஆனால் கணினியில் இருந்த சி.டி. ரைட்டர் இந்த வேகத்துக்குக் கட்டுப்பட வேண்டிய அவசியமில்லை. நான்கு மடங்கு, பதினாறு மடங்கு என்று ஏறி, 52 மடங்கு வேகத்துக்கு ரைட்டர்கள் வந்தன. எழுபத்து நான்கு நிமிடப் படம் சுமார் மூன்று நிமிடத்தில் இன்னொரு தட்டில் ஏறியது. நூறாவது பிரதியும் முதல் பிரதியைப் போலவே இருந்தது. கேசட் காலம் வரை படம் நேரத்தோடு கட்டப்பட்டிருந்தது, சி.டி.யில் அது வெறும் எண்களாகி அந்தக் கட்டிலிருந்து விடுபட்டது. எண்களைப் படிக்கும் வேகத்துக்கும் படத்தைப் பார்க்கும் வேகத்துக்கும் இனி எந்த உறவும் இல்லை. வி.சி.டி. தரநிர்ணயத்தில் பூட்டு எதுவும் இல்லை. டி.வி.டி.யில் பூட்டு இருந்தது. 1999இல் நார்வேயின் ஒரு பதினைந்து வயது மாணவர் பங்களிப்பில் அதைத் திறக்கும் மென்பொருள் வெளியானது. தாம் வாங்கிய தட்டைத் தாமே திறந்து பார்ப்பது குற்றமாகாது என்று 2003இல் அந்நாட்டு நீதிமன்றம் அவரை விடுவித்தது.

இந்தப் பின்னணியோடு ஸ்ட்ரீமிங்குக்கு வருவோம். ஆறு ஓடுவதுபோல் படம் நம்மைக் கடந்து ஓடிப்போகிறது, கையில் எதுவும் தங்குவதில்லை என்ற மயக்கத்தை அந்தச் சொல் தருகிறது. நடப்பது வேறு. பசுமலைக்குப் பக்கத்தில் மாடக்குளம் கண்மாய் இருக்கிறது. மதுரைச் சமவெளியின் பாசனமே கண்மாயை நம்பியது. ஆற்றில் தண்ணீர் வரும் சில நாட்களில் வாய்க்கால் வழியே வேகமாக வாங்கிக் கண்மாயில் நிரப்பிக்கொள்வார்கள். பிறகு மடையைத் திறந்து வயலுக்கு வேண்டிய அளவு மெதுவாகப் பாய்ச்சுவார்கள். நிரப்பும் வேகம் வேறு, பாய்ச்சும் வேகம் வேறு. ஸ்ட்ரீமிங்கில் நம் கைப்பேசிக்குள் இருக்கும் பஃபர் இந்தக் கண்மாய்தான். தளம் படத்தைச் சில நொடித் துண்டுகளாக வெட்டி வைத்திருக்கிறது. எந்தத் துண்டு எந்த முகவரியில் என்ற பட்டியலைக் கைப்பேசி முதலில் வாங்குகிறது. பிறகு துண்டு துண்டாகக் கேட்டு வாங்கி நினைவகத்தில் நிரப்பி, அதிலிருந்து திரைக்குப் பாய்ச்சுகிறது. ஒவ்வொரு துண்டும் முழுமையாக நம் கருவிக்குள் இறங்கிய பிறகே திரையில் தெரிகிறது. ஆகவே ஸ்ட்ரீமிங் என்று தனியாக ஒன்றும் இல்லை. இறக்கிக்கொண்டே பார்த்து, பார்த்தபின் அழிக்கிற டவுன்லோடுதான் அது. அழிக்காமல் வைத்துக்கொள், அடுத்த துண்டைக் காத்திராமல் உடனே கேள் என்று இரண்டு கட்டளைகளை மாற்றும் எந்த மென்பொருளும் வேக டவுன்லோடு கருவியாகிவிடுகிறது. கைப்பேசித் திரைக்குப் போதுமான தரத்தில், நொடிக்கு ஒரு மெகாபிட் என்று வைத்தால், இரண்டரை மணி நேரப் படம் 9,000 மெகாபிட். ஐம்பது மெகாபிட் வேகமுள்ள வீட்டு இணைப்பில் அது 180 நொடியில், அதாவது மூன்று நிமிடத்தில், இறங்கிவிடும். 52 மடங்கு ரைட்டரின் அதே மூன்று நிமிடம்.

தொடக்கத்தில் இப்படி இல்லை. 1995இல் ரியல் ஆடியோ வந்தபோதும், 1998இல் ஆர்.டி.எஸ்.பி. என்ற நெறிமுறை வகுக்கப்பட்டபோதும், சர்வரே ஒவ்வொரு பார்வையாளரோடும் தனித் தொடர்பு வைத்து, ஓடும் வேகத்துக்கு ஏற்ப அளந்து ஊட்டியது. ஃபிளாஷ் காலத்து ஆர்.டி.எம்.பி.யும் அந்த வழியில் வந்ததே. வேக டவுன்லோடைத் தடுக்க இது நல்ல வழியாகத் தெரிகிறதல்லவா? இதைக் கைவிட்டது ஏன் என்பதில்தான் வரலாற்றின் பாடம் இருக்கிறது. ஒவ்வொரு பார்வையாளருக்கும் ஒரு கண்காணிப்பாளரை நிறுத்துவதுபோன்ற ஏற்பாடு அது. ஆயிரம் பேருக்குச் சரி. கோடிப் பேருக்குத் தாங்காது. தனிச் சர்வர், தனி நெறிமுறை, அலுவலகத் தடுப்புச்சுவர்களில் மாட்டிக்கொள்ளும் தொல்லை வேறு. 2009இல் ஆப்பிள் தன் ஐபோனுக்காக எச்.எல்.எஸ். முறையைக் கொண்டுவந்தது, 2012இல் டேஷ் முறை உலகத் தரமானது. இரண்டும் படத்தைச் சாதாரணக் கோப்புத் துண்டுகளாக்கி, வலைப்பக்கம் அனுப்பும் அதே எளிய வழியில் அனுப்பின. எளிய கோப்பு என்பதால் அதை ஊருக்கு ஊர் உள்ள இடைச் சேமிப்புக் கணினிகளில் வைத்துவிடலாம். சென்னையில் உள்ள ஒரு கணினி, கேட்பவர் யார், எதற்கு என்று ஆராயாமல், கேட்ட துண்டை எடுத்து நீட்டும். 2023 நவம்பர் 19இல் உலகக் கோப்பைக் கிரிக்கெட் இறுதிப் போட்டியை ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 5.9 கோடிப் பேர் பார்த்தது இந்த ஏற்பாட்டால்தான். அத்தனை பேருக்கும் அளந்து ஊட்டும் சர்வர் வரிசையை எந்த நிறுவனமும் கட்டியிருக்க முடியாது. வேகத்தைக் கட்டுப்படுத்தும் வல்லமையைக் கொடுத்துத்தான் கூட்டத்தைத் தாங்கும் வல்லமையை வாங்கினார்கள். அது சரியான வியாபாரம் என்றே நினைக்கிறேன்.

அப்படியானால் இப்போதும் வேகத்துக்கு ஒரு வரம்பு வைக்கலாமே, படம் ஓடும் வேகத்துக்கு மேல் யாருக்கும் அனுப்ப மாட்டேன் என்று சொல்லலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் திருடாத பார்வையாளர் எப்படிப் பார்க்கிறார் என்பதை முதலில் கவனிக்க வேண்டும். மதுரையிலிருந்து உசிலம்பட்டிப் பக்கமோ நத்தம் பக்கமோ பேருந்தில் போகிறவருக்குச் சிக்னல் வரும், போகும். வரும் நேரத்தில் பல மடங்கு வேகத்தில் அள்ளி வைத்தால்தான், போகும் நேரத்தில் படம் நிற்காது. கண்மாய்க்குச் சொன்ன அதே நியாயம். பாட்டை மட்டும் பார்க்க நாற்பதாவது நிமிடத்துக்குத் தாவுகிறவருக்கு அந்த இடம் உடனே நிரம்ப வேண்டும். பாட வீடியோவை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிப் படிக்கும் மாணவருக்கு ஒரு மடங்கு வேகம் போதாது. இவற்றுக்கெல்லாம் மேலாக, தளங்களே டவுன்லோடு பொத்தானை வைக்கின்றன. இந்தியாவில் 2014 டிசம்பரில் யூடியூப் ஆஃப்லைன் வசதியைக் கொண்டுவந்தது, நம் நெட் நிலையைப் பார்த்துத்தான். நெட்ஃபிளிக்ஸ் 2016 நவம்பரில் அந்த வழிக்கு வந்தது. வீட்டு வைஃபையில் வேகமாக இறக்கிக்கொண்டு வழியில் பார் என்று தளமே சொல்லும்போது, வேகமாகக் கேட்கிறவரெல்லாம் திருடர் என்று சர்வர் எப்படி முடிவு செய்யும்? அவசரமாகக் கேட்கும் நல்லவரும் அவசரமாகக் கேட்கும் திருடரும் அனுப்பும் கோரிக்கை ஒன்றுபோலவே இருக்கும்.

வேகத்துக்கு வரம்பு வைத்தும் பார்த்தார்கள். 2021இல் யூடியூப் வைத்த தடை இந்தத் தொடரில் பதிவாக வேண்டியது. வீடியோ முகவரியில் ‘என்’ (n) என்ற பெயரில் ஒரு குறியீடு வரும். யூடியூபின் சொந்த பிளேயர் அந்தக் குறியீட்டை ஒரு கணக்கின்படி மாற்றித் திருப்பி அனுப்பும். மாற்றாமல் கேட்பவருக்கு வேகம் நொடிக்குச் சில பத்துக் கிலோபைட்டாகச் சுருங்கிவிடும். டவுன்லோடு மென்பொருள்கள் திடீரென்று ஆமையாயின. ஆனால் அந்தக் கணக்கைப் போடும் நிரல் எங்கே இருக்கிறது? ஒவ்வொரு பார்வையாளரின் பிரவுசருக்கும் யூடியூபே அனுப்பும் பக்கத்துக்குள்ளேயே இருக்கிறது. அனுப்பாவிட்டால் யாருமே வீடியோ பார்க்க முடியாது. ஆகவே அந்த நிரலை எடுத்து ஓட்டி, சரியான குறியீட்டைக் கண்டுபிடிக்கும் வழியை டவுன்லோடு கருவிகள் விரைவில் சேர்த்துக்கொண்டன. கணக்கை யூடியூப் அடிக்கடி மாற்றுகிறது. கருவிகளும் அடிக்கடி மாறுகின்றன. சாவியைக் கதவிலேயே தொங்கவிட்டு, தொங்கும் இடத்தை மட்டும் தினமும் மாற்றுவதுபோன்ற நிலை. யூடியூபின் இத்தகைய குறியீட்டுத் தடைகளைப் பூட்டு என்று சொல்லலாமா என்பதில் நீதிமன்றங்களுக்குள்ளும் சட்ட அறிஞர்களுக்குள்ளும் ஒத்த கருத்து இல்லை. 2020 அக்டோபரில் அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கம் யூடியூப்-டிஎல் என்ற கருவியை கிட்ஹப் தளத்திலிருந்து நீக்க வைத்தது. பிரவுசர் செய்வதைத்தான் இந்தக் கருவியும் செய்கிறது, உடைப்பு எதுவும் இல்லை என்ற வாதத்தை ஏற்று, அடுத்த மாதமே கிட்ஹப் அதைத் திரும்ப வைத்தது. 2023இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நீதிமன்றமோ யூடியூபின் இத்தகைய குறியீடு சட்டப்படி ஒரு பாதுகாப்பு ஏற்பாடே என்று தீர்ப்பளித்தது.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. யூடியூப் இலவசத் தளம். காசு வாங்கும் ஓடிடி தளங்கள் படத்தைக் குறியாக்கம் செய்துதானே அனுப்புகின்றன, துண்டுகளை எவ்வளவு வேகமாக இறக்கினாலும் சாவி இல்லாமல் அவை குப்பைதானே என்பார்கள். உண்மை. இந்த முறையை நம் தியேட்டர்காரர்கள் நன்றாக அறிவார்கள். டிஜிட்டல் திரையிடலில் படம் பூட்டிய நிலையில் முன்கூட்டியே தியேட்டருக்கு வந்துவிடும். கேடிஎம் என்கிற சாவி தனியாக வரும். அந்தச் சாவி அந்த ஒரு கருவிக்கு, குறித்த நாட்களுக்கு மட்டுமே செல்லும். ‘கேடிஎம் வரவில்லை, அதிகாலைக் காட்சி ரத்து’ என்ற செய்தியைப் பார்க்காத தமிழ் ரசிகர் குறைவு. பொருளை வேகமாகப் பரவவிடு, சாவியை மட்டும் இறுக்கிப் பிடி என்ற இந்த யோசனை மிகச் சரியானது. தியேட்டரில் அது வேலை செய்வதற்குக் காரணம், கருவிகள் ஆயிரக்கணக்கில் மட்டுமே இருப்பதும், ஒவ்வொன்றும் பதிவு செய்யப்பட்டிருப்பதும். ஓடிடியிலோ சாவி போய்ச் சேர வேண்டியது கோடிக்கணக்கான வீட்டுக் கருவிகளுக்கு. கூகுள் 2010இல் வாங்கிய வைடுவைன் முறையில் படிநிலைகள் உண்டு. நல்ல கருவிகளில் சாவி சில்லுக்குள்ளேயே பூட்டியிருக்கும். அந்த வசதி இல்லாத மலிவான கைப்பேசிகளிலும் பல கணினிப் பிரவுசர்களிலும் மென்பொருளுக்குள் மறைத்து வைக்கப்பட்டிருக்கும். அந்தக் கீழ்ப்படியை உடைத்துவிட்டதாக 2019 ஜனவரியில் ஓர் ஆய்வாளர் அறிவித்தார். கீழ்ப்படிக் கருவிகளை மொத்தமாக ஒதுக்கலாமே என்றால், ஒதுக்கப்படுவது மலிவுக் கைப்பேசி வைத்திருக்கும் ஏழைச் சந்தாதாரர். தளங்கள் எடுத்திருக்கும் நடுவழி, கீழ்ப்படிக்குக் குறைந்த தரத்தில் மட்டும் படம் அனுப்புவது. அதற்கு மேல் அவர்களால் போக முடியாததை நான் குறையாகச் சொல்ல மாட்டேன்.

எல்லாப் பூட்டும் உறுதியாக நின்றாலும் ஒரு வழி திறந்தே இருக்கும். படம் கடைசியில் கண்ணுக்கு வெளிச்சமாகவும் காதுக்கு ஒலியாகவும் வந்தாக வேண்டும். அந்த இடத்தில் சாவி கிடையாது. திரைக்குப் போகும் கம்பியில் பிடித்துப் பதிகிறவர், படம் ஓடும் வேகத்தில், இரண்டரை மணி நேரம் செலவழித்துப் பதிகிறார். கவனித்துப் பாருங்கள்: இத்தனை ஆண்டுப் பொறியியலின் உண்மையான வெற்றி, நகலெடுப்பவரைக் கேசட் காலத்து வேகத்துக்குத் திரும்பத் தள்ளியதுதான். அது சிறிய வெற்றியும் இல்லை. கேசட் காலத்தில் அந்த மந்தம் ஒவ்வொரு பிரதிக்கும் திரும்பத் திரும்ப விழுந்தது. அதனால் பயன் இருந்தது. இன்று அது ஒருவருக்கு ஒருமுறைதான் விழுகிறது. அவர் பதிந்த கோப்பு வெளியே வந்ததும், அடுத்த லட்சம் பேர் அதை டெலிகிராமிலிருந்தோ வேறு இடத்திலிருந்தோ மூன்று நிமிடத்தில் எடுத்துக்கொள்கிறார்கள். 2002இலேயே மைக்ரோசாஃப்ட் பொறியாளர்கள் நால்வர் ஒரு கட்டுரையில் இதை விளக்கியிருந்தார்கள்: பரவலாக விற்கும் எதிலும் எவராவது ஒருவர் பூட்டைத் திறந்துவிடுவார், திறந்தது வேகமாகப் பரவும் என்பது அவர்கள் வாதம். இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அதை மறுக்கும் சான்று எனக்குத் தெரிந்து வரவில்லை. சோழவந்தானைச் சேர்ந்த நாயகனின் கதையான ‘சூரரைப் போற்று’ 2020 நவம்பரில் நேராக அமேசான் பிரைமில் வந்தபோதும், குறியாக்கமெல்லாம் இருந்தும், திருட்டுப் பிரதிகள் உடனுக்குடன் பரவின.

சட்டம் சும்மா இருக்கவில்லை. தமிழ்நாடு 2004இலேயே குண்டர் தடுப்புச் சட்டத்தில் வீடியோ திருடர்களைச் சேர்த்தது. காப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்ந்த 65ஏ பிரிவு, பாதுகாப்புப் பூட்டை உரிமை மீறும் நோக்கத்தோடு உடைப்பவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறை என்கிறது. 2023இன் ஒளிப்பதிவுத் திருத்தச் சட்டம் குறைந்தது மூன்று மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், மூன்று லட்சம் ரூபாய் முதல் தயாரிப்புச் செலவில் ஐந்து சதவீதம் வரை அபராதமும் விதிக்கிறது. இவை தேவையான சட்டங்கள். ஆனால் எந்திரத்துக்கு எடை இருந்த காலத்தில் சட்டத்துக்குக் கிடைத்த உதவி இன்று இல்லை. 2012இல் ‘3’ படத்துக்காகச் சென்னை உயர் நீதிமன்றம் பெயர் தெரியாதவர்களுக்கு எதிராகப் பிறப்பித்த தடையைக் காட்டி, இணையச் சேவை நிறுவனங்கள் விமியோ போன்ற தளங்களை முழுமையாக மூடிவிட்டன. திருட்டுக்குத் தொடர்பே இல்லாதவர்கள் தவித்தார்கள். குறிப்பிட்ட முகவரிகளை மட்டுமே தடுக்க வேண்டும் என்று ஜூன் மாதத்தில் நீதிமன்றமே விளக்க வேண்டிவந்தது.

இப்படியெல்லாம் எழுதுவது திருட்டுக்குச் சமாதானம் சொல்வதாகாதா என்று ஒரு தயாரிப்பாளர் கேட்டால், அவர் கோபத்தின் நியாயத்தை நான் முழுமையாக ஏற்கிறேன். வட்டிக்கு வாங்கிப் படமெடுத்து, வெளியான அன்று மாலையே அது எல்லார் கையிலும் இலவசமாக இருப்பதைப் பார்க்கும் வலி சாதாரணமானதல்ல. லைட்மேன், உதவி இயக்குநர், துணை நடிகர் என்று அந்தப் பணத்தை நம்பியிருக்கும் குடும்பங்கள் ஏராளம். அதனால்தான் பயன்படாத இடத்தில் காவல் போடுவதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. பயன்பட்ட இடங்களும் வரலாற்றில் உண்டு. திருட்டு வி.சி.டி. உச்சத்தில் இருந்தபோது மோசர் பேர் நிறுவனம் உரிமை வாங்கிய படங்களின் வி.சி.டி.யை 28 ரூபாய்க்கும் டி.வி.டி.யை 34 ரூபாய்க்கும் விற்றது. திருட்டுத் தட்டின் விலைக்குப் பக்கத்தில் நல்ல தட்டு கிடைத்ததும் வாங்க ஆள் இருந்தது. மேலூர் அருகே பழையூர்பட்டியில் பிறந்த இயக்குநர் சேரன் 2015இல் சி2எச் திட்டத்தில் ‘ஜே.கே. எனும் நண்பனின் வாழ்க்கை’ படத்தை 50 ரூபாய் டி.வி.டி.யாக நேராக வீடுகளுக்குக் கொண்டுவந்தார். அந்தத் திட்டம் நிலைக்கவில்லை. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஐம்பது ரூபாய்த் தட்டையும் திருடிப் பரப்பினார்கள் என்பது அவரது வேதனை. குறைந்த விலை மட்டும் எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்பவர்களுக்கு அது பதில். ஆனால் தட்டுகளைக் கடைகடையாகக் கொண்டு சேர்க்க வேண்டிய சுமை அந்தத் திட்டத்துக்கு இருந்தது. அடுத்த ஆண்டே டேட்டா மலிவாகி, அந்தச் சுமை தானாகவே இல்லாமல் போயிற்று. காலத்தை ஓராண்டு முந்திவிட்ட முயற்சி என்றே அதை நான் வாசிக்கிறேன்.

இப்போது தளங்களும் திரையரங்குகளும் கவனம் செலுத்துவது வேறோர் இடத்தில். பிரதி எடுப்பதைத் தடுப்பதை விட்டு, எடுத்த பிரதி எங்கிருந்து வந்தது என்று அறிவது. டிஜிட்டல் தியேட்டரில் ஓடும் படத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத நீர்க்குறி ஒன்று பதிகிறது. இருக்கையில் ஒளிந்து கைப்பேசியில் பிடித்த பிரதியிலும் அது தங்கும். எந்தத் தியேட்டர், எந்தக் காட்சி என்று அதிலிருந்து சொல்லிவிடலாம். காட்சி நடக்கும்போதே ஆளைப் பிடிக்கும் அளவுக்கு இது உதவியிருக்கிறது. அதே குறியை ஓடிடியிலும் போடலாம். ஒவ்வொரு துண்டையும் ‘அ’ என்றும் ‘ஆ’ என்றும் கண்ணுக்கு வேறுபாடு தெரியாத இரண்டு வகையாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சந்தாதாரருக்கும் வெவ்வேறு வரிசையில் கோத்து அனுப்பினால், வெளியே வந்த பிரதியின் வரிசையே கணக்கு எண்ணைக் காட்டிவிடும். எவ்வளவு வேகமாக இறக்கினாலும் குறி கூடவே இறங்கும். ஆனால் அதற்கு ஒவ்வொரு துண்டையும் இரண்டாகச் சேமிக்க வேண்டும். யாருக்கு எந்த வரிசை என்று ஆளறிந்து கொடுக்க வேண்டும். ஆளறியாமல் நீட்டியதால்தான் 5.9 கோடிப் பேரைத் தாங்க முடிந்தது என்று பார்த்தோம். அந்தச் செலவை யார் ஏற்பது, யார் எதைப் பார்த்தார் என்ற தடயம் யாரிடம் இருப்பது என்ற இரண்டு கேள்விகளோடு நீர்க்குறியின் கதை அடுத்த இதழில்.

(தொடரும்)